கட்டுத்தரைச் சுவரில் கவிழ்த்த தட்டு

அந்தக் கறுப்புப் புள்ளி போகவே இல்லை.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தேன். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை எடுத்து, என் பல்லுக்கே காட்டாத அக்கறையோடு தேய்த்தேன். தட்டின் மேல்பக்கம் கல்யாணப் பெண் மாதிரி பளபளத்தது. திருப்பினால் அடியில், மெருகு ஏறாத வட்டத்துக்குள், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு கறுப்பு.

"உடுடா. அடியத் திருப்பி ஆரு பாக்கப் போறாங்க?" என்றாள் அம்மா. அவள் கையெல்லாம் மஞ்சள் தூள். காலை ஐந்து மணியிலிருந்து அடுப்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"பொண்ணெடுக்க வர்றவங்கம்மா. பாத்தரத்தையெல்லாம் எக்ஸ்ரே எடுப்பாங்க."

"நீ வாய மூடிட்டு இருந்தாப் போதும், எல்லாம் நல்லபடியா நடக்கும்."

அம்மா சொன்னது சரி. ஆனால் இருபத்தாறு வருஷத்தில் நான் செய்தே பார்க்காத வேலை அது ஒன்றுதான்.

போன வாரம் நான் மாங்காய் வண்டியோடு ஓடைக்குள் இறங்கிய கதையைப் படித்துவிட்டுச் சிலர் சிரித்ததாக எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்க வைக்க என்னிடம் அவ்வளவாகச் சரக்கு இல்லை. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்று குழி, ஒரு பிடி

தட்டைப் பற்றிச் சொல்லவேண்டும்.

ஒரே மாதிரி இரண்டு தட்டுகள். வெள்ளைப் பீங்கான். ஒவ்வொன்றிலும் வாதாம் இலை வடிவத்தில் மூன்று குழி. மூன்றும் சேருகிற இடத்தில், நடுவில் தூக்குவதற்கு ஒரு வளைந்த பிடி. ஓரம் முழுக்க நீலக் கொடி ஓடும். கொடியில் ஒரு பூ, ஒரு இலை, ஒரு பூ, ஒரு இலை. வரைந்தவனுக்கு ஒரு இடத்தில் தூக்கம் வந்துவிட்டது போல, இரண்டு இலை சேர்ந்தாற்போல வரும். சின்ன வயதில் அந்த இடத்தைத் தேடிப் பிடிப்பது எனக்கு ஒரு விளையாட்டு.

வெள்ளைக்காரர்கள் மேசையில் நடுவே வைத்து, ஊறவைத்த வெங்காயம், ஊறவைத்த பழம் என்று மூன்று வகையைப் போட்டுத் தின்ன வைத்திருந்த தட்டாம். நெல்லியாம்பதி மலையில் ஒரு தோட்டத்துத் துரை ஊருக்குக் கிளம்பும்போது பங்களாச் சாமான்களை இறக்கிவிட, அதில் இந்த இரண்டும் கொல்லங்கோடு வழியாக, பாலக்காட்டு எல்லையில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. எப்போது என்று கேட்காதீர்கள். எனக்குத் தேதிகளும் ஒத்துவராது, பள்ளிக்கூடமும் ஒத்துவரவில்லை. பத்தாம் வகுப்போடு இரண்டோடும் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று.

அம்மா பொள்ளாச்சிப் பக்கத்துப் பெண். அவள் கல்யாணமாகி வந்தபோது இந்தத் தட்டுகள் வீட்டில் கண்ணில் படவே இல்லை. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், பரணில் எலி அடிக்க ஏறிய அம்மா, சாக்கில் சுற்றிக் கிடந்த இவற்றைக் கண்டுபிடித்தாள்.

"ஏனுங்க, இது எங்கிருந்து வந்துதுங்க?" என்று அப்பாவைக் கேட்டாள்.

"தொர பங்களாத் தட்டு" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

அம்மாவுக்கு அதுவே போதும். தட்டுகள் கண்ணாடி அலமாரிக்குள் ஏறின. என் மூன்றாம் பரிசுக் கோப்பைக்கும் (சாக்கு ஓட்டம்) அக்காவின் ஏழெட்டு முதல் பரிசுகளுக்கும் நடுவே நின்றன. அவற்றில் யாரும் எதையும் போட்டுத் தின்னவில்லை. வருகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒருவர் போட்டோகூட எடுத்துக்கொண்டார். அம்மா அன்றைக்கு முழுக்க ஒரு முழம் உயரமாக நடந்தாள்.

யார் யாருக்குச் சம்மதம் கொடுத்தது

என் அக்கா நித்யா கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்தாள். அங்கே மெஷின் பிரிவில் சூப்பர்வைசர் சதீஷ். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் வருவார்கள். மீதியை நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் நான்கு மாதம் சண்டை நடந்தது. எங்களுக்கு நிலம் உண்டு. சதீஷ் வீட்டார் தலைமுறையாக அந்த நிலத்தில் வேலை பார்த்தவர்கள். சாதி வேறு. அம்மா அழுதாள். அப்பா சாப்பிடாமல் இருந்து பார்த்தார். இரண்டு நாள் தாங்கினார். அப்புறம் ஒருநாள், "சரி, அவளே பாத்துக்கட்டும்" என்று இறங்கி வந்தார். ஊரில் அவரைப் பெரிய மனசுக்காரர் என்றார்கள். அவரும் அதை மறுக்கவில்லை.

ஆனால் இரண்டு வருஷம் சம்மதிக்காமல் இருந்தது நாங்கள் இல்லை. சதீஷின் அம்மா மயிலாத்தா.

எலப்புள்ளிக்குக் கிழக்கே ஒரு காலனியில் அவர்கள் வீடு. கணவர் இல்லை. மயிலாத்தா தொழிலுறப்பு வேலையில் பெண்களை வைத்து வேலை வாங்குகிற மேட்டாக இருந்தார். அரசாங்கம் நூறு நாள் வேலை தருகிறதே, அந்த வேலை. பஞ்சாயத்து ஆபீஸில் மெம்பர்களே அவர் குரலுக்கு எழுந்து நிற்பார்கள் என்று சதீஷ் சொல்வார்.

"அந்த ஊடு வேண்டாங்கண்ணு" என்று மட்டும் மகனிடம் சொல்லியிருக்கிறார். காரணம் சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்து, மகனுக்கு முப்பது தாண்டுகிற நேரத்தில், ஒரு வழி சொன்னார்.

"அவங்க என்னையச் சம்மந்தியா உள்ள உக்கார வெச்சு ஒரு நேரம் சோறு போடட்டும். தின்னுட்டு நான் சரீங்கறேன். கலியாணத்த முன்னால நின்னு நடத்தறேன். கூட்டமெல்லாம் வேண்டாம். நானும் நீயும் மட்டும் போலாம்."

ஒரு நேரச் சோறு. அக்காவின் கல்யாணத்துக்கு இரண்டு வீடும் சேர்ந்து நிற்பதா இல்லையா என்பது அந்த ஒரு நேரச் சோற்றில் இருந்தது. அதனால்தான் அம்மா ஐந்து மணிக்கே அடுப்படியில் நின்றாள். அதனால்தான் நான், வீட்டிலேயே உயர்ந்த பாத்திரம் எது என்று யோசித்து, அலமாரியைத் திறந்தேன்.

அப்பாவின் ஒத்திகை

அப்பாவுக்கு ஒரு சிக்கல் இருந்தது. மயிலாத்தாவைச் சின்ன வயதிலிருந்தே அவருக்குத் தெரியும். "வா மயிலா, போ மயிலா" என்றுதான் வாழ்நாள் முழுக்கக் கூப்பிட்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் நாய்க்குக்கூட 'ங்க' போட்டுப் பேசுவார்கள் என்று பாலக்காட்டு டவுன்காரர்கள் கிண்டல் செய்வார்கள். அந்த 'ங்க' மயிலாத்தாவுக்கு மட்டும் எங்கள் வீட்டிலிருந்து போனதே இல்லை.

"எங்கே, சொல்லுங்கப்பா" என்றேன் அன்று காலையில்.

"வாங்க."

"செவுத்தப் பாத்துச் சொல்லாதீங்க. மொகத்தப் பாத்துச் சொல்லோணும்."

"வாங்க... சம்மந்தியம்மா."

"நடுவுல அத்தன பெரிய ஓட்டை எதுக்குங்கப்பா? லாரியே போயிரும்."

"அடி வாங்குவடா நாயே" என்றார். ஆனால் சிரித்தார். அந்தச் சிரிப்போடு திரும்பியவர், நான் மேசையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்த தட்டுகளைப் பார்த்தார். சிரிப்பு நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று தோப்புக்குள் போய்விட்டார்.

இலை போட்ட பிறகு

சரியாகப் பன்னிரண்டரைக்கு வந்தார்கள். மயிலாத்தா கரும்பச்சைப் பட்டுச் சேலை கட்டியிருந்தார். மடிப்பு கலையாத புதுச்சேலை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு நொடி நின்றார். வலது பக்கம் போனால் வீட்டுக்குள் ஏறுகிற படி. இடது பக்கம் போனால் மாடு கட்டுகிற கட்டுத்தரை. அவர் கால் இரண்டு பக்கமும் போகாமல் நின்றது.

"வாங்க சம்மந்தியம்மா, உள்ள வாங்க" என்றார் அப்பா. ஓட்டை இல்லாமல் சொன்னார். முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் பின்னாலிருந்து மனசுக்குள் கை தட்டினேன்.

மயிலாத்தா உள்ளே வந்தார். நித்யா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அவள் கன்னத்தைத் தொட்டு, "எளச்சுட்ட அம்மிணி" என்றார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டிருந்தது.

மேசைமேல் வாழையிலை போட்டோம். ஒரு பக்கம் மயிலாத்தாவும் சதீஷும். எதிர்ப்பக்கம் அப்பா. அம்மாவும் நானும் பரிமாறினோம். நித்யா அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். பருப்பு, நெய், அரிசியும் பருப்பும் சேர்த்துப் பொங்கிய அரிசிம்பருப்பு, அதற்குப் போட்டியாக ஒரு தேங்காய்ச் சாதம், பொரியல் இரண்டு. மயிலாத்தா பருப்புச் சோற்றைப் பிசைந்தார்.

அப்போது நான் தட்டைக் கொண்டுவந்தேன். முதல் குழியில் வடுமாங்காய். முதலமடையில் நானே லோடு ஏற்றப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்த வடு, உப்பில் சுருங்கி, தோல் வரி வரியாக இருந்தது. இரண்டாம் குழியில் நாரத்தங்காய். மூன்றாவதில் உப்பு நெல்லிக்காய். ஒன்றை அப்பா பக்கம் வைத்தேன். ஒன்றைக் கொண்டுபோய் மயிலாத்தாவின் இலைக்கு முன்னால் வைத்தேன். வைத்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"அத்தை, இது வெள்ளக்காரத் தொர பங்களாத் தட்டுங்க. நூறு வருசம் இருக்கும். எங்கூட்டு ஆளுக இன்னைக்கு வரைக்கும் ஒருத்தரும் இதுல தொட்டுத் தின்னதில்லீங்க. மொதமொதல்ல உங்களுக்குத்தான் எடுத்திருக்குது."

மயிலாத்தாவின் கை இலையில் நின்றது.

தட்டைப் பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தார். அப்பாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை.

"கொழம்பு ஊத்துடா" என்றார் அப்பா.

நான் குழம்பு வாளியை எடுக்கத் திரும்பினேன். மயிலாத்தா இடது கையால் பிடியைப் பிடித்துத் தட்டைத் தூக்கினார். தூக்கிச் சாய்த்து அடியைப் பார்த்தார். வடுமாங்காய்த் தண்ணீர் வழிந்து அம்மா விரித்திருந்த வெள்ளைத் துணியில் பரவியது. தட்டை மெதுவாகக் கீழே வைத்தார்.

"ஆமாங்கண்ணு" என்றார் என்னிடம். "உங்கூட்டு ஆளுக ஒருத்தரும் இதுல தின்னதில்ல. நெசந்தான். நாங்கதான் தின்னோம்."

தார்

"என்னம்மா சொல்றீங்க?" என்றார் சதீஷ். அவருக்கும் தெரியாது. பிள்ளைகளிடம் சொல்லி வளர்க்கிற விஷயமா அது?

மயிலாத்தா குரலை உயர்த்தவில்லை. பஞ்சாயத்து ஆபீஸையே எழுப்புகிற குரலை அன்றைக்குப் பாதியாக்கிப் பேசினார்.

"எனக்குப் பத்து வயசிருக்கும். எங்கய்யன் இங்க பண்ணையத்துல ஆளா இருந்தாரு. மத்தியானத்துக்குக் கட்டுத்தரைக்குப் பின்னால வரிசையா உக்காருவோம். கஞ்சி அவங்கவங்க போசியில. ஊறுகா மட்டும் இந்தத் தட்டுல. உள்ளிருந்து கொண்டாந்து மேலாப்பல போடுவாங்க. கரண்டி தட்டுல படாது. பட்டுதுன்னா அந்தக் கரண்டியத் தீயில காட்டித்தான் உள்ள எடுப்பாங்க. தின்னு முடிச்சதும் கழுவிக் கட்டுத்தரச் செவுத்துமேல கவுத்தோணும். கழுவறது என்ற வேல."

அவர் தட்டின் ஓரத்தை விரலால் காட்டினார்.

"இங்க ரெண்டு எல சேந்தாப்பல இருக்கும் பாருங்க. அது எங்க இருக்குதுன்னு தேடிக்கிட்டேதான் கழுவுவேன்."

சின்ன வயதில் நான் தேடிப் பிடித்த அதே இடத்தில் அவர் விரல் இருந்தது.

"அடியில ஏனுங்கத்தை கறுப்பு?" நித்யா நிலையிலிருந்து கேட்டாள். அவள் குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

"தாரு அம்மிணி. உள்ள பொழங்கற பாத்தரத்தோட கலந்து போயரக் கூடாதில்ல? கவுத்து வெச்சா அடிதான தெரியும்? தூரத்துலிருந்தே பாத்துக்கலாம்."

அந்தத் தாரைத்தான் நான் காலையில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

அம்மா, "அய்யோ, எனக்குத் தெரியாதுங்க, சத்தியமாத் தெரியாதுங்க" என்று அழ ஆரம்பித்தாள். மயிலாத்தா அவள் கையைப் பிடித்து, "உங்களுக்குத் தெரியாதுங்க" என்றார். பிறகு எழுந்தார். இலையை மடிக்கவில்லை. பிசைந்த சோறு விரல் பதிந்தது பதிந்தபடி இருந்தது. வெளியே போய்க் கை கழுவினார்.

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு, அப்பாவைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வர்றேனுங்க பண்ணாடி."

காலையிலிருந்து ஒருத்தரும் அந்தச் சொல்லை எடுக்கவில்லை. வேலைக்காரர்கள் எங்கள் வீட்டு ஆண்களைக் கூப்பிடுகிற சொல் அது. அப்பா கும்பிட எடுத்த கையைப் பாதியிலேயே கீழே போட்டார்.

தோப்பில்

சாயங்காலம் அப்பா மோட்டார் ரூம் பக்கத்தில் தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"தெரியும்."

இல்லை என்று சொல்வார் என்றுதான் நினைத்துப் போனேன். மறந்துவிட்டேன் என்றாவது சொல்வார் என்று. அதற்குப் பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"அந்தத் தொரமாரு அதுல மாட்டுக்கறி தின்னிருப்பாங்கன்னு உள்ள பொழங்க உடல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "தூக்கிப் போடவும் மனசில்ல. தகரத்துல ஊறுகா போட்டா உப்புத் தின்னுரும். இது தாங்கும். அதனால கட்டுத்தரைக்குப் போச்சு. நான் சின்னப் பையன். பொறகு ஆளுக அங்க தின்னறதெல்லாம் நின்னு போச்சு. பரண்ல போட்டாங்க."

"காலைல நான் தொடைக்கறப்பப் பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் அலமாரியிலயே வெச்சிருப்பனே!"

"எடுக்காதீங்கன்னு சொன்னா ஏன்னு கேப்பீங்க. உங்கம்மா கேப்பா. நித்யா கேப்பா. அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்து நான் என்னன்னு சொல்றது?" கையிலிருந்த தென்னை ஈர்க்கைச் சின்னச் சின்னதாக ஒடித்தார். "நாப்பது வருசமாச்சு. மயிலா மறந்திருப்பான்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. அப்பாவுக்கே மறக்காதது மயிலாத்தாவுக்கு எப்படி மறக்கும்?

உப்பு நெல்லிக்காய்

மூன்று நாள் கழித்து நான் காலனிக்குப் போனேன். யாரும் அனுப்பவில்லை. நித்யா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சதீஷ் போனை எடுக்கவில்லை.

மயிலாத்தா அப்போதுதான் வரப்பு வெட்டுகிற வேலை முடிந்து வந்திருந்தார். காலில் சேறு காய்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், "வா கண்ணு" என்று உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டார். கால் கழுவிவிட்டு வந்து, என்னைக் கேட்காமலே ஸ்டீல் தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றினார். பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து இரண்டு உப்பு நெல்லிக்காயை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். கரண்டி தட்டில் பட்டுக் கணீரென்றது.

"அத்தை, எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா? நீ பாட்டுக்கு அளந்து உட்டுட்டு நின்ன. உன்ற மேல ஒண்ணுமில்ல. சோத்தத் தின்னு."

தின்றேன். நெல்லிக்காய் நன்றாக ஊறியிருந்தது. உப்பா, என் கண்ணீரா என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் நான் அழவில்லை. பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

"தட்டு மேல எனக்கென்ன கோவம்?" என்றார் அவர், எதிரே தரையில் உட்கார்ந்து. "நல்ல தட்டு. நானே கழுவுன தட்டு. உங்கய்யனும் நானும் ஒரே நேரத்துலதான் பாத்தோம். அவருக்கும் ஞாவகம் வந்துருச்சுன்னு அந்த மூஞ்சியிலயே தெரிஞ்சுது. சரி, சொல்லுவாருன்னு பாத்தேன். 'அத எடுத்துட்டுப் போடா'ன்னு ஒரு சொல்லு. அது போதும் கண்ணு, நான் அந்தச் சோத்தத் தின்னு முடிச்சிருப்பேன். அவரு கொழம்பு ஊத்தச் சொன்னாரு."

தட்டில் மிச்சமிருந்த சோற்றை வழித்துத் தின்றேன்.

"அக்கா கலியாணம்..."

"அது நடக்கட்டும். புள்ளைக என்ன பண்ணுச்சு? நான் வந்து கையெழுத்துப் போடறேன். உங்கூட்டுல இனிமேச் சோறு திங்கமாட்டேன். இத மட்டும் உங்கய்யங்கிட்டச் சொல்லிரு. வேற ஆருகிட்டயும் நான் சொல்லப் போறதில்ல."

எழுந்தபோது என் தட்டைக் கழுவப் போனேன். அவர் பிடுங்கிக்கொண்டார். "விருந்தாளி கழுவக் கூடாது" என்றார்.

அதே தட்டில்

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. மலையாளத்தில் அச்சடித்த பாரத்தில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மயிலாத்தா அதே கரும்பச்சைச் சேலையில் வந்திருந்தார். அப்பாவும் அவரும் ஒரே பேனாவை வாங்கிக் கையெழுத்திட்டார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அப்புறம் ஒரு ஓட்டலில் சாப்பாடு. அப்பா வயிறு சரியில்லை என்று வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த நாளிலிருந்து அப்பா ஒரு காரியம் செய்தார். அலமாரியிலிருந்து ஒரு தட்டை எடுத்து, அதில் சோறு போடச் சொன்னார். ஒரு குழியில் சோறு, ஒரு குழியில் குழம்பு, ஒரு குழியில் ஊறுகாய். மூன்று வேளையும் அதில்தான் தின்றார். அம்மா கெஞ்சினாள், தலையில் அடித்துக்கொண்டாள். அவர் கேட்கவில்லை. தின்றதும் தானே கழுவி, கட்டுத்தரைச் சுவரில் கொண்டுபோய்க் கவிழ்த்தார்.

அவரைக் கிண்டல் செய்ய எனக்கு நூறு வழி தெரியும். ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. ஆனால் ஒன்று மட்டும் மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. இவர் வேண்டாம் என்று நினைத்தால் நாளைக்கே நிறுத்திவிடலாம்.

ஒரு மாதம் கழித்து நித்யா வந்தாள். கல்யாணத்துக்கு அப்புறம் முதல்முறை. தனியாக வந்தாள். அம்மா முந்தின நாளே கோழிக்குச் சொல்லிவைத்திருந்தாள். பின்னால் கல் கூட்டி விறகடுப்பு மூட்டி, அண்டாவில் சமைத்துக்கொண்டிருந்தாள்.

நித்யா நேராகத் தன் அறைக்குப் போய், சர்ட்டிபிகேட்டுகளையும் நாலு சேலைகளையும் பையில் வைத்தாள். அம்மா தண்ணீர் கொடுத்தாள். வாங்கி மேசைமேல் வைத்தாள். குடிக்கவில்லை.

அப்பா அவள் பார்க்கட்டும் என்றே அந்த நேரத்தில் தட்டை வைத்துச் சாப்பிட உட்கார்ந்தார். அவள் நின்று பார்த்தாள்.

"எத்தன நாளாப்பா?"

"உன்ற கலியாணம் முடிஞ்சதிலிருந்து" என்றார். அவர் குரலில் ஒரு சின்ன எதிர்பார்ப்பு இருந்தது. பரிட்சைத் தாளை நீட்டிவிட்டு நிற்கிறவன் மாதிரி.

"உங்களுக்கு உள்ள உக்காந்திருக்கறப்பவே சோறு வருதுங்கப்பா" என்றாள் நித்யா. "கரண்டியும் தட்டுல படுது."

அப்பாவின் கை நின்றது.

"இல எடுக்கட்டுமா கண்ணு?" என்று பின்னாலிருந்து அம்மா கேட்டாள். "கோழி வெந்துருச்சு."

"வேண்டாம்மா. அத்தை திங்காத ஊட்டுல நான் எப்பிடித் திங்கறது?" கோபமாகச் சொல்லவில்லை. பஸ் நேரம் சொல்வது மாதிரி சொன்னாள். பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

நான் வண்டியில் கொண்டுபோய் பஸ் ஸ்டாப்பில் விட்டேன். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். பஸ் வர அரைமணி இருந்தது. பக்கத்து டீக்கடையில் நித்யா ஒரு டீயும் பழம்பொரியும் வாங்கினாள். காலையில் வெறும் பச்சைத் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். பழம்பொரியை நாலே கடியில் தின்றாள். இன்னொன்று கேட்டாள்.

கடைக்காரர் மலையாளி. எங்களைச் சின்ன வயதிலிருந்தே தெரிந்தவர்.

"எந்தா மோளே, இத்தர விசப்பு? அம்ம வீட்டில் ஒண்ணும் உண்டாக்கியில்லே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். இவ்வளவு பசியா, அம்மா ஒன்றும் சமைக்கவில்லையா என்று.

நித்யா மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். எதற்கெடுத்தாலும் வாயைத் திறக்கிறவன் நான்தானே.

"அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லீங்க சேட்டா" என்றேன். "இன்னைக்கு அடுப்பே பத்த வெக்கல."

அவர் எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். தென்னைகளுக்கு மேலே விறகுப் புகை கனமாக எழும்பிப் போய்க்கொண்டிருந்தது.